மறிச்சான் மேடு என்றொரு நாடு இல்லை

சாமி,

நீ போனில் அனுப்பிய வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் பெரிதாக அச்செடுத்து, என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பத்து நாளாயிற்று. கருகிப்போன போர்வெல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு காயில் சுற்றிக் கட்ட வருகிறவர்கள் எல்லாம் வந்த வேலையை விட்டுவிட்டு அதைத்தான் பார்க்கிறார்கள். "இது எந்த ஸ்டேட்டுங்க?" என்று கேட்கிறார்கள். "என்ற புள்ள உண்டாக்குன உலகமுங்க. அங்க போறதுக்கு பஸ் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன். திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக்கு வண்டி வைத்திருப்பவன் உண்டு, லாரி வைத்திருப்பவன் உண்டு. உலகம் வைத்திருக்கும் பெண்ணைப் பெற்றவன் நான் ஒருவன்தானே. நேற்று ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வடக்குக் கோடியில் சிவப்பில் எழுதியிருக்கும் பெயரை விரல் வைத்துப் படித்தார். "மறிச்சான் மேடு. இங்க ஆருங்க இருக்கறாங்க?" என்றார். மோட்டார் நாளைக்குத்தான் ஆகும் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன்.

வரும் திங்கட்கிழமை உன் உலகத்தைப் பற்றிய புத்தகம் அச்சுக்குப் போகிறது என்றாய். முதல் பக்கத்தில் போடப்போகும் வரியையும் அனுப்பியிருந்தாய். 'மறிச்சாரிடமிருந்து தப்பி வந்து எனக்குக் கதை சொன்ன அப்பாவுக்கு.' உன் அம்மா அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சாப்பிட்டு முடிக்காமலே கை கழுவ எழுந்துவிட்டேன். அந்த வரி அச்சாவதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மறிச்சார் நாடு பொய். கதைக்காக நீ கட்டிய பொய்யைச் சொல்லவில்லை, அது உன் உரிமை. நான் உன்னிடம் நிஜம் என்று சொன்ன பொய்யைச் சொல்கிறேன். போனில் சொல்லப் பார்த்தேன். இரண்டு தடவையும் "சாப்பிட்டியா சாமி" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். இதை ஒளித்துப் படிக்க வேண்டாம். உன் கூட்டாளிகள் ஐந்து பேருக்கும் காட்டு. நாலு வருஷமாக உன் விளையாட்டில் அந்த நாட்டுக்காரர்களோடு சண்டை போட்டவர்கள் அவர்களும்தான்.

உன் விளையாட்டு முதலில் எனக்குப் புரியவில்லை. பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கும் ஆறு பேர், ஞாயிற்றுக்கிழமையானால் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பல முகம் வைத்த பகடையை உருட்டி, நீ கதை சொல்ல, மற்ற ஐவரும் 'நான் வைத்தியன்', 'நான் வேல்காரி' என்று அந்தக் கதைக்குள் ஆளாகப் போய் வருகிறார்கள் என்று உன் அம்மாவுக்கு விளக்கினேன். "மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்ட இதையெல்லாம் சொல்லிப்போடாதீங்க" என்றாள். ஆனால் உன் ஊர்களைப் பற்றி நீ பேசத் தொடங்கியபோது எனக்கு ஆசை வந்துவிட்டது. நீ கல்லூரியில் இருந்தபோதே ஒரு நாள் போன் செய்து, "ஏனுங்கப்பா, பாறைக்குள்ள ஆறு ஓடுமுங்களா?" என்று கேட்டாய். ஆறாக ஓடாது, வெடிப்பு வெடிப்பாகக் கசியும், இங்கே ஒரு வெடிப்பில் கை வைத்தால் அங்கே ஒரு கிணற்றுக்குத் தெரியும் என்று சொன்னேன். அதை வைத்து நீ ஊமையாற்றை உண்டாக்கினாய். கரையே இல்லாத ஆறு. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு நாட்டுக்காரர்கள் அதற்காகச் சண்டை போடுகிறார்கள். இருபது வருஷம் ரிக்கு வண்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பூமியில் ஓட்டை போட்ட எனக்கு அது தோன்றவில்லை.

மற்றவையும் அப்படித்தான். சேலத்துக்குப் பஸ்ஸில் போகும்போது பார்த்த வெள்ளைக்கல் கரடு உன் உலகத்தில் உப்பு மலையாயிற்று. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிய வருஷம் உள்ளேயிருந்து கோபுரம் தலை நீட்டியதைக் காட்டினேன், அது முங்கிய நகரமாயிற்று. ஆட்டையாம்பட்டியில் உன் சித்தி வீட்டுத் தறியின் முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு, சட்டத்தையெல்லாம் சேலைக் கரையில் நெய்து வைக்கும் ஒரு நாட்டைக் கொண்டுவந்தாய். அந்த நாட்டில் பொய் சொல்கிறவனுக்குக் கிழிந்த வேட்டிதான் தண்டனை என்று படித்தபோது சிரித்தேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன் கிழக்கு ஆறு ஒன்று கரட்டைச் சுற்றிக்கொண்டு போகாமல் மேலே ஏறிப் போகிறது. மந்திரம் என்பாய். மந்திரமே ஆனாலும் தண்ணீருக்கு மேடு எது பள்ளம் எது என்று தெரியும். அதைத் திருத்திவிடு.

இந்த இடங்களையெல்லாம் நீ கண்ணால் பார்த்தாய், அல்லது நாலு பேரைக் கேட்டாய். தறிக்காரர்களைக் கேட்டுக் கேட்டுத் தொந்தரவு செய்ததாக உன் சித்தி இன்றும் சொல்லுவாள். நீ பார்க்காமல், வேறு யாரையும் கேட்காமல் எழுதிய நாடு ஒன்றே ஒன்றுதான். செம்மண் மேட்டில் சிவப்புத் துண்டு கட்டிய மறிச்சார், வழிப்போக்கரை மறிக்கிறவர்கள், பேச்சே இல்லாமல் ஈட்டியால் பேசுகிறவர்கள். கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு போடுகிறவர்கள். தண்ணீர் கேட்டவனுக்கு மண்ணைக் கொடுக்கிறவர்கள். உன் உலகத்தில் மற்ற எல்லா மக்களுக்கும் நல்லது கெட்டது இரண்டும் வைத்திருக்கிறாய். இவர்களுக்கு மட்டும் நல்லது எதுவும் வைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். உன் அப்பனை உன்னிடம் வரவிடாமல் பிடித்துவைத்தவர்கள் அவர்கள். அப்படித்தான் நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு ஒன்பது வயது. நாங்கள் ஒன்பது பேர் ரிக்கோடு சத்தீஸ்கரில் இருந்தோம். ஒரு நிலக்காரர் தன் விவசாயக் காட்டில் போர் போடச் சொல்லி இடத்தைக் காட்டினார். நான்தான் டிரில்லர். நம்ம ஊர் வழக்கப்படி துளை போடும் பாயிண்டில் சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தேன். அப்போது ஒரு அம்மா வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவளாக இருப்பாள், சிவப்புத் துண்டைத் தலையில் கட்டியிருந்தாள். நாற்பது அடி தள்ளி, பள்ளத்தில் அவர்கள் குடியிருப்பின் கிணறு இருந்தது. கிணற்றைக் காட்டினாள், பாயிண்டைக் காட்டினாள், அந்தப் பக்கம் தள்ளிப் போடு என்று கையால் காட்டினாள். எங்களோடு இருந்த ஏஜெண்ட்டுக்கு அவர்கள் பேச்சுத் தெரியும். "கெணத்துக்கு ஊத்து இந்தப் பக்கமா வருதாமாங்க. காட்டுக்கு அந்தக் கோடியில போட்டுக்கச் சொல்லுது" என்றார். அவள் சொன்னது சரி என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பாறை சாய்ந்திருந்த வாட்டமே சொன்னது.

ஆனால் பூசை போட்டாகிவிட்டது. பூசை போட்ட பாயிண்டை மாற்றினால் துளைக்குள் ராடு சிக்கும், ஆளுக்கு அடிபடும் என்பது எங்கள் தொழிலில் ஒரு பேச்சு. முந்தின மாதம்தான் ஒரு இடத்தில் மாற்றிப் போட்டு, சிக்கிய ராடை எடுக்க இரண்டு நாள் திண்டாடினோம். "பூசை போட்டாச்சுங்க. இனி சாமியே வந்து சொன்னாலும் தள்ளமாட்டேன்" என்று ஏஜெண்ட்டிடம் சொன்னேன். சாமி வந்து சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம், இந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும் என்பதுதான்.

மத்தியானம் நூற்றெண்பது அடியில் ஒரு வெடிப்பு கிடைத்தது. தூளை வெளியே ஊதித் தள்ளும் கம்ப்ரசர் காற்று அதற்குள் புகுந்து, நேராக அவர்கள் கிணற்றில் போய் வெடித்தது. கிணற்றுத் தண்ணீர் உலைபோலக் கொதித்து, பாறைத்தூள் கலந்து சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போனது. பிறகு மளமளவென்று இறங்கி, சாயங்காலத்துக்குள் அடிச்சேறு தெரிந்தது. நூறு பேர் குடிக்கும் ஒரே கிணறு. நான் ராடைக் கழற்றி வண்டியைக் கிளப்பச் சொன்னேன். வண்டி பாதைக்கு வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். ஈட்டி இல்லை சாமி. கயிற்றுக் கட்டில்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பன்னிரண்டு கட்டிலைப் பாதையின் குறுக்கே வரிசையாகப் போட்டு, குழந்தை குட்டியோடு அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ, அவ்வளவுதான் அவர்கள் கேட்டது. அந்த அம்மா முதலில் காட்டிய இடத்தில் ஒரு போர். ஒரு நாள் வேலை. முடியாது என்றேன். போட்டால் தப்பு என் மேல் என்று ஆகிவிடும், ஒன்பது பேர் முன்னால். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன்.

இரண்டாம் நாள் ஏஜெண்ட் என்னைப் பக்கத்து ஊருக்குப் போன் பேசக் கூட்டிப்போனார். அப்போதுதான் தெரிந்தது, உனக்குக் காய்ச்சல் முற்றி சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. "ரத்தத்துல அணு கொறஞ்சுக்கிட்டே போகுதுங்களாமா. கண்ணைத் தொறந்தா அப்பாங்கறா. எப்பங்க வாரீங்க?" என்றாள் உன் அம்மா. திரும்பி வந்தோம். ஏஜெண்ட் விஷயத்தை அந்த அம்மாவிடம் சொன்னார். அவள் எழுந்து போய் ஆண்களிடம் ஏதோ சத்தமாகப் பேசினாள். பிறகு தன் கையாலேயே ஒரு கட்டிலை இழுத்து ஓரமாகப் போட்டாள். நீ போ என்றாள். வண்டி இருக்கட்டும், உன் ஆட்கள் இருக்கட்டும், அவர்களுக்குச் சோறு நாங்கள் போடுகிறோம், நீ பிள்ளையிடம் போ. சாயங்காலம் பஸ் இருந்தது. "நீங்க போங்கண்ணா, வண்டிய நா பாத்துக்கறேன்" என்று லாரி டிரைவரும் சொன்னான்.

நான் போகவில்லை.

இந்த இரண்டு சொல்லை எழுத எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது. நான் போய்விட்டால் வண்டியைக் கொளுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் இல்லாதபோது டிரைவர் அவர்களுக்கு போர் போட்டுக் கொடுத்துவிட்டால் நான் தோற்றவன் ஆகிவிடுவேன் என்றும் நினைத்தேன். இந்த இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. மறுநாள் போனில் உன் அம்மாவிடம், "உட மாட்டீங்கறாங்க, என்ன பண்றது" என்றேன். பொய் அங்கே தொடங்கியது. அவர்கள் விட்டார்கள். உன்னிடமிருந்து என்னைப் பிடித்துவைத்தவன் நான்தான்.

நாலாம் நாள் காலையில் பெண்கள் ஓடையிலிருந்து குடம் சுமந்து வந்தார்கள். இரண்டு மைல் தூரம். அந்த அம்மா முதல் குடத்தைக் கொண்டுவந்து எங்கள் டிரம்மில் ஊற்றினாள், பிறகுதான் தன் வீட்டுக்குப் போனாள். மூன்று நாளும் அப்படித்தான் நடந்திருக்கிறது, நான் தூங்கி எழுந்து அந்தத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூசை ஒன்றும் போடாமல், அவள் காட்டிய இடத்தில் வண்டியை நிறுத்திக் கம்ப்ரசரைப் போட்டேன். இருநூற்றிருபது அடியில் நல்ல தண்ணீர். ராடும் சிக்கவில்லை, யாருக்கும் அடியும் படவில்லை. கிளம்பும்போது அவள் காய்ந்த இலந்தைப் பழத்தை இடித்துத் தட்டிய வடை கொஞ்சம், இலையில் மடித்து, பிள்ளைக்கு என்று கையை நெஞ்சுயரத்தில் காட்டிக் கொடுத்தாள். அவள் பேரை நான் கேட்கவில்லை.

அந்த வடை உனக்கு வந்து சேரவில்லை. விட மாட்டோம் என்று பிடித்துவைத்தவர்கள் பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்தனுப்புவார்களா என்று உன் அம்மா கேட்பாளே. நாக்பூர் தாண்டியதும் நானும் டிரைவரும் தின்றுவிட்டோம்.

நான் வந்தபோது நீ பிழைத்து எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். கன்னமெல்லாம் வற்றியிருந்தது. "ஏனுங்கப்பா வரலீங்க?" என்று கேட்டாய். அழுதுகொண்டு கேட்டிருந்தால் ஒருவேளை நிஜத்தைச் சொல்லியிருப்பேன். நீ அழவில்லை, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கொள்ளைக்காரர்கள் மறித்துவிட்டார்கள் என்றேன். உன் கண் விரிந்தது. ஈட்டி வைத்திருந்தார்கள் என்றேன். எப்படி இருப்பார்கள் என்றாய். சிவப்புத் துண்டைச் சொன்னேன், சுவரில் பெண்கள் அரிசி மாவால் போட்ட வெள்ளைக் கோடுகளைச் சொன்னேன். அவை கல்யாணத்துக்குப் போட்ட கோலங்கள். நீ என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ரத்தப் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு மேடு வரைந்தாய். "இங்கதானுங்களாப்பா உங்கள மறிச்சாங்க?" என்றாய். ஆமாம் என்றேன். அதற்குக் கீழே நம்ம ஊரை ஒரு புள்ளியாக வைத்து, இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் விட்டாய். உன் உலகத்தில் முதலில் வந்த நாடு அதுதான். உப்பு மலையும் ஊமையாறும் அந்த வெற்றிடத்தில் பின்னால் வந்து சேர்ந்தவை. அதற்கப்புறம் ஒவ்வொரு தடவை ஊருக்கு வந்தபோதும் நீ அந்தக் கதையைக் கேட்டாய், நானும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். நீயும் அதை நம்பிச் சாப்பிட்டாய்.

இதில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. நீ இன்னும் எத்தனையோ நாடுகளை வரைவாய். ஒரு மக்களைப் பற்றி ஒருவன் வந்து கதை சொன்னால், கதை நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று கேள். அவன் உன் அப்பனாக இருந்தாலும் கேள். நான் தறிக்காரன் என்றோ வைத்தியன் என்றோ வந்திருந்தால் நீ பத்துக் கேள்வி கேட்டிருப்பாய். அப்பா என்று வந்ததால் விட்டுவிட்டாய். அது உன் தப்பு இல்லை, என் மேல் நீ வைத்த பிரியம். அந்தப் பிரியத்தைத்தான் நான் தப்பாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மறிச்சான் மேட்டை என்ன செய்வது என்பது உன் பாடு. அடியோடு அழித்தால் வரைபடத்தில் வடக்கே ஓட்டை விழும் என்பது எனக்கும் தெரிகிறது. அந்த மக்களை அங்கேயே இருக்க விடு என்பேன், கட்டிலும் கிணறுமாக. உன் கதைக்கு ஆபத்தான கூட்டம் ஒன்று வேண்டுமென்றால் எங்களை வை. இரும்பு வண்டியில் தெற்கேயிருந்து வருவார்கள், பூமிக்குப் பூசை போடுவார்கள், சொன்னால் கேட்க மாட்டார்கள், கிணறு வற்றியதும் ஓடப் பார்ப்பார்கள். நல்லதும் கொஞ்சம் வை, ஊருக்கு ஊர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். முதல் பக்கத்து வரியை மட்டும் கட்டாயம் எடுத்துவிடு. யாரிடமிருந்தும் நான் தப்பி வரவில்லை. இத்தனையும் தெரிந்த பிறகு பழையபடியே அச்சுப் போட்டால் அது உன் பொய்யும் ஆகிவிடும். அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்றுவதற்காக என்னைத் திட்டு, நியாயம்தான்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால், இன்று காலையில், உன் அம்மாவிடம் சொன்னேன். காய் அரிந்துகொண்டிருந்தாள். அந்த அம்மா கட்டிலை இழுத்துப் போட்டதை நான் சொன்னபோது கத்தியைக் கீழே வைத்தாள். நான் சொல்லி முடித்ததும், "அந்த நாலு நாளும் ஆஸ்பத்திரியில உக்காந்துக்கிட்டு மொதல்ல உங்களுக்குத்தானுங்க வேண்டுனேன், உசுரோட உட்டுறோணும்னு. புள்ளைக்கு அப்பறந்தான் வேண்டுனேன்" என்றாள். அவள் அழவில்லை. மத்தியானம் சோறு போட்டாள், எதிரே வந்து உட்காரவில்லை. இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே சாமி. அவளுக்குச் செய்.

உன் அப்பா